சமவெளியில் ஏசி, மலையில் செல்ஃப்: காரை வெயிலுக்கும் உறைபனிக்கும் தயார்ப்படுத்தும் வழிகாட்டி

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். அந்தத் தூரத்துக்குள் சாலை ஏறத்தாழ 1,900 மீட்டர் உயர்ந்துவிடுகிறது. ஜனவரி மாதத்தில் மதியம் கீழே ஏசி போட்டுக்கொண்டு கிளம்பிய கார், மறுநாள் விடியற்காலையில் ஊட்டியை அடுத்த தலைக்குந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும் குளிரில் செல்ஃப் எடுத்தாக வேண்டும். இரண்டு பருவத்தையும் ஒரே நாளில் சந்திக்கும் வண்டி அது.

கார் வைத்திருப்பவர்களில் பலர் ஏசியை ஒரு கணக்காகவும் குளிரில் வண்டி கிளம்புவதை வேறொரு கணக்காகவும் வைத்திருக்கிறார்கள். பேட்டரிக்கு அந்தப் பிரிவினை தெரியாது. ஏப்ரல், மே வெயில் அதை உள்ளுக்குள் அரித்துவிடுகிறது. அரித்தது என்னவென்று ஜனவரியில் ஊட்டியில்தான் வெளியே தெரிகிறது. கூலன்ட்டும் அப்படியே: கோடையில் இன்ஜினைக் காப்பாற்றும் அதே திரவம்தான் மலையில் ஹீட்டருக்குச் சூடு கொடுக்கிறது. ஆகவே மார்ச் மாதத்தில் ஒருமுறை, நவம்பரில் ஒருமுறை என ஆண்டுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை இதற்கு ஒதுக்குங்கள். பெரும்பாலான வேலைகளை வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம்.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஏசி துளையில் செருகும் அளவுக்குச் சின்ன வெப்பமானி, டார்ச் விளக்கு, பழைய பல் துலக்கும் பிரஷ், சமையல் சோடா, வாசலின், ரப்பர் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி. டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன். மல்டிமீட்டருக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். தேவையில்லாமல் ஒரு பேட்டரி மாற்றுவதைத் தவிர்த்தாலே அதன் விலை பலமடங்கு திரும்பிவிடும்.

ஏசி: கேஸைத் தொடும் முன் காற்றைப் பாருங்கள்

ஏசி குளிர்ச்சி குறைந்தது என்றதும் "கேஸ் ஏற்ற வேண்டும்" என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பெரும்பாலும் கோளாறு காற்று போகும் பாதையில்தான் இருக்கும். அதைப் பார்க்கப் பணம் தேவையில்லை, பொறுமை போதும்.

முதலில் கேபின் ஃபில்டர். பெரும்பாலான கார்களில் இது குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். குளோவ் பாக்ஸைக் காலி செய்து, இரு பக்கச் சுவர்களையும் உள்நோக்கி அழுத்தினால் அது கீழே இறங்கும். பின்னால் நீளமான மூடி தெரியும். அதைத் திறந்து ஃபில்டரை வெளியே இழுங்கள். இழுக்கும்போதே அதன் மேல் அச்சிட்டிருக்கும் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். திரும்ப வைக்கும்போது அதே திசையில் வைக்க வேண்டும். 10,000 முதல் 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது வழக்கம். செங்கல் சூளை, கல்குவாரி, சாலை வேலை நடக்கும் பகுதியில் ஓடும் வண்டிக்கு அதில் பாதி தூரத்திலேயே மாற்ற நேரிடும். சாம்பல் நிறத்தில் தூசி அப்பியிருந்தால் தட்டிவிட்டு மறுபடி வைக்காதீர்கள், புதிது போடுங்கள். எலி கடித்த துணுக்குகள், வேப்பங்கொட்டை, காய்ந்த இலை ஏதாவது கிடைத்தால் உள்ளே புளோயர் வரை டார்ச் அடித்துப் பாருங்கள். நீண்ட நாள் நிறுத்திவைத்த வண்டிகளில் எலி கூடு கட்டுவது இங்கேதான்.

அடுத்து கண்டென்ஸர். பம்பரின் கிராதி வழியாகப் பார்த்தால் ரேடியேட்டருக்கு முன்னால் தெரியும் மெல்லிய அலுமினிய வலை அதுதான். காருக்குள்ளிருந்து எடுத்த சூட்டை வெளியே தள்ளும் இடம். பூச்சி, மண், இறகு எல்லாம் ஒட்டி அடைத்துக்கொண்டால் எவ்வளவு கேஸ் இருந்தாலும் குளிர்ச்சி வராது. இன்ஜின் ஆறிய பிறகு சாதாரணக் குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டத்தில் வைத்து அடித்தால் அந்த மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். மடங்கிய இடத்தில் காற்று புகாது.

கழுவிய கையோடு விசிறியைச் சோதியுங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டால் முன்பக்க விசிறி உடனடியாகவோ சற்று நேரத்திலோ சுற்றத் தொடங்க வேண்டும். நெடுஞ்சாலையில் நன்றாகக் குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் வெதுவெதுப்பாக மாறும் வண்டியில் முதல் சந்தேகம் இந்த விசிறியின் மேல்தான். ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பார்த்தால் போதும். விசிறி தானாகவே சுழலத் தொடங்கும் என்பதால் கை, துப்பட்டா, சட்டை நுனி எதுவும் அருகில் போகக்கூடாது.

மூன்றாவதாக, தண்ணீர் வடியும் துளை. ஏசி ஓடும்போது காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது நல்ல அறிகுறி. காற்றிலிருந்த ஈரம், டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் பாகமான எவாப்பரேட்டரில் பட்டு நீராகி வடிகிறது. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் சொட்டாமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். முன் இருக்கைக்குக் கீழே விரிப்பு நனைந்திருந்தால் அந்தக் குழாய் அடைத்திருக்கிறது என்று பொருள். அடியிலிருந்து மெதுவாகக் காற்று ஊதினாலே பெரும்பாலும் திறந்துகொள்ளும். கம்பி விட்டுக் குத்தினால் எவாப்பரேட்டர் ஓட்டையாகிவிடும் அபாயம் இருக்கிறது. அதை மாற்ற டேஷ்போர்டையே பிரிக்க வேண்டியிருக்கும் கார்கள் ஏராளம்.

இவ்வளவும் முடித்த பிறகு வெப்பமானியை எடுங்கள். நிழலில் நிறுத்தி, கதவு, கண்ணாடி எல்லாவற்றையும் மூடி, குளிர்ச்சியை முழுமைக்கு வைத்து, உள்காற்றுச் சுழற்சியைப் போட்டு, புளோயரை இரண்டில் வையுங்கள். ஒருவரை ஆக்சிலேட்டரில் 1,500 ஆர்பிஎம் பிடிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகு நடுத்துளையில் அளந்தால், வெளியே 35 டிகிரி இருக்கும் நாளில் 6 முதல் 12 டிகிரிக்குள் காட்டினால் உங்கள் ஏசி ஆரோக்கியமாக இருக்கிறது. 15 டிகிரிக்கு மேல் நின்றால் அடுத்த பகுதி உங்களுக்கானது. அளந்த எண்ணையும் அன்றைய வெயிலையும் சர்வீஸ் புத்தகத்தில் குறித்துவைத்தால், அடுத்த மார்ச்சில் ஒப்பிட வசதியாக இருக்கும்.

கேஸ் தீர்ந்துபோகாது, கசிந்துபோகும்

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மக்கள் ஆண்டுதோறும் வீணாகச் செலவழிக்கும் இடம் இதுதான். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீரும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரப்பர் குழாய்கள் வழியாக ஆண்டுக்கு மிகச் சிறிதளவு வெளியேறுவது இயல்பு. ஆண்டுக்கொருமுறை நிரப்ப வேண்டிய அளவுக்குக் குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் ஏற்றுபவர் உங்கள் பணத்தைக் காற்றில் விடுகிறார்.

கசிவைத் தேடும் வேலையில் பாதியை நீங்களே செய்யலாம். கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரின் ஆயிலும் கேஸோடு சேர்ந்து குழாய்க்குள் சுற்றுவதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன் மேல் தூசியும் படிந்திருக்கும். குழாய் இணைப்புகள், கம்ப்ரஸரின் முன்பக்கம், கண்டென்ஸரின் கீழ் மூலைகள் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். ஏசி ஓடும்போது போனட்டைத் திறந்தால் தடிமனான குழாய் குளிர்ந்து வியர்த்திருக்கும், மெல்லிய குழாய் சூடாக இருக்கும். கம்ப்ரஸரிலிருந்து கண்டென்ஸருக்குப் போகும் குழாய் கையைச் சுட்டுவிடும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம். தடிமனான குழாய் குளிராமலே இருந்தால் கேஸ் குறைவோ கம்ப்ரஸர் கோளாறோ இருக்கலாம். ஒரு மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றின் வேகமே குறைந்து போனால் எவாப்பரேட்டரில் பனி கட்டுகிறது. கேபின் ஃபில்டரோ வெப்ப உணரியோ காரணமாக இருக்கும்.

இதற்கு மேல் பட்டறை வேலை. நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ. சாதாரணக் காற்றழுத்தத்தில் அது கொதிப்பது பூஜ்யத்துக்குக் கீழே 26 டிகிரியில். தெறித்துக் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஆகவே கேஸ் குழாயை வீட்டில் திறக்கக் கூடாது. பட்டறையில் என்ன நடக்க வேண்டும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு பக்கத்தில் நில்லுங்கள்.

மிச்சமிருக்கும் கேஸை இயந்திரத்தில் உறிஞ்சிச் சேமிக்க வேண்டும், காற்றில் திறந்துவிடக் கூடாது. ஆர்-134ஏ ஓசோன் படலத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல 1,430 மடங்கு புவியைச் சூடாக்குகிறது. 400 கிராமைத் திறந்துவிட்டால் சுமார் 250 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். அடுத்து நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து, சோப்பு நுரை வைத்துக் கசிவைப் பார்க்க வேண்டும். கசிவைச் சரிசெய்தபின் குறைந்தது அரை மணி நேரம் வேக்கம் பிடிக்க வேண்டும், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். பம்பை நிறுத்திய பிறகு முள் நகராமல் நிற்கிறதா என்று நீங்களே பாருங்கள். உள்ளே தங்கும் ஈரம் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரஸரைத் தின்றுவிடும் என்பதால் இந்தப் படியைச் சுருக்க விடாதீர்கள். கடைசியாகக் கேஸை எடை போட்டு ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் என்று போனட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீட்டிலேயே இருக்கும். கூடுதலாக ஏற்றினால் குளிர்ச்சி கூடாது, குறையும்; கம்ப்ரஸருக்கும் சுமை.

எடைத் தராசு இல்லாமல் "முள்ளைப் பார்த்து ஏற்றிவிடுகிறேன்" என்று சொல்லும் இடத்தில் வேலை கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. மலிவு விலை கேன்களில் எரியக்கூடிய வாயு கலந்திருப்பதும் உண்டு. மின்சாரக் கார், ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: அவற்றின் கம்ப்ரஸர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது, அதற்கு மின்சாரத்தைக் கடத்தாத தனி வகை ஆயில் வேண்டும். சாதாரணக் காரின் ஆயிலை அதில் ஊற்றிவிட்டால் பழுது கம்ப்ரஸரோடு நிற்காது.

ஓட்டும்போது

வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கி ஓரிரு நிமிடம் ஓட்டுங்கள். உள்ளே இருக்கும் சூட்டுக் காற்று போனபிறகு கண்ணாடியை ஏற்றி, உள்காற்றுச் சுழற்சியைப் போடுங்கள். நாலைந்து பேர் நீண்ட தூரம் போகும்போது அவ்வப்போது வெளிக்காற்றுக்கு மாற்றுவது அவசியம். மூடிய காரில் மூச்சுக்காற்றின் கரியமில வாயு சேர்ந்து ஓட்டுநருக்கு மந்தம் தட்டும். வீடு சேர்வதற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பு ஏசியை மட்டும் அணைத்துப் புளோயரை ஓடவிட்டால் எவாப்பரேட்டர் உலர்ந்துவிடும். அந்தப் புளித்த வாடை வராமலிருக்க வாசனைத் திரவியத்தை விட இதுவே பலன் தரும்.

இன்ஜினை ஓடவிட்டு ஏசியில் தூங்காதீர்கள். மூடிய ஷெட், அடித்தள வாகன நிறுத்துமிடம் என்றால் ஒரு நிமிடம்கூட வேண்டாம். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். மலையில் குளிருக்கு ஹீட்டர் போட்டுக்கொண்டு காரில் படுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

பேட்டரி: வெயிலில் கெட்டு, குளிரில் அகப்படுவது

வெப்பநிலை 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் நடைமுறைக் கணக்கு. போனட்டுக்குள் வெந்துகொண்டிருக்கும் பேட்டரியில் தண்ணீர் ஆவியாகிறது, ஈயத் தகடுகள் அரிக்கின்றன. இருந்தும் சமவெளியில் அது வண்டியை எடுத்துக்கொண்டே இருக்கும், ஏனென்றால் சூடான இன்ஜினைச் சுழற்ற அதிகச் சக்தி வேண்டாம். பூஜ்ய டிகிரிக்கு இறங்கும்போது நல்ல பேட்டரியே தன் சுழற்றும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கை இழக்கிறது. அதே நேரத்தில் ஆயில் கெட்டியாகி இன்ஜின் கூடுதல் சக்தி கேட்கிறது. ஏற்கெனவே பாதி தேய்ந்த பேட்டரி இங்கேதான் கைவிரிக்கும்.

ஆகவே மலைக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பாவது இதைச் சோதியுங்கள். வண்டி இரவு முழுதும் நின்றபின், காலையில் சாவி போடும் முன் ஹெட்லைட்டை ஒரு நிமிடம் எரியவிட்டு அணைத்து, இரண்டு நிமிடம் கழித்து மல்டிமீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12.0 என்று காட்டும் பேட்டரியோடு குன்னூரைத் தாண்டாதீர்கள். அடுத்து, மீட்டரை வைத்தபடியே ஒருவரை வண்டி எடுக்கச் சொல்லுங்கள். செல்ஃப் சுழலும் கணத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி சோர்ந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.6 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் சரியாகச் சார்ஜ் செய்கிறது. தேவைக்கேற்ப மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் புதிய கார்களில் இந்த எண் ஏறி இறங்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அதையும் இப்போதே முடித்துவிடுங்கள். இன்ஜினை அணைத்து, முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள், பிறகு பாசிட்டிவ். வெந்நீரில் சமையல் சோடா கரைத்து பிரஷ்ஷால் தேயுங்கள். கரைசல் மூடித் துளைகள் வழியாக உள்ளே போகக் கூடாது. துடைத்து உலர்த்தி, மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். இறுக்கியபின் மேலே மெல்லிசாக வாசலின். தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரியானால் குறியளவு வரை டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர், ஆசிட் எதுவும் வேண்டாம். உள்ளே இருப்பது கந்தக அமிலம், மேலே கிளம்புவது ஹைட்ரஜன் வாயு. கண்ணாடி அணியுங்கள், பீடி சிகரெட் பற்றவைத்தவரைப் பக்கத்தில் விடாதீர்கள்.

மாற்ற வேண்டி வந்தால், சிக்னலில் இன்ஜின் தானாக அணைந்து எழும் வசதியுள்ள கார்களுக்கு அதற்கென்று வரும் பேட்டரியையே போட வேண்டும். சாதாரணப் பேட்டரி விலை குறைவு, ஆனால் விரைவில் படுத்துவிடும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ குடியிருந்து தினமும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவர்கள், வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது தொடர்ந்து ஓட்டுங்கள். காலையில் வண்டி எடுக்கச் செலவான மின்சாரம் குறுகிய ஓட்டத்தில் திரும்பச் சேராது.

கூலன்ட், தெர்மோஸ்டாட், ஆயில்

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை நிறுத்துங்கள். சமவெளியில் அது துருவையும் உப்புப் படிவையும் சேர்க்கிறது. உறைபனி இரவில் வெட்டவெளியில் நின்றால் உறையவும் கூடும்; உறையும் தண்ணீர் விரிந்து ரேடியேட்டரையும் இன்ஜின் பிளாக்கையும் பிளக்க வல்லது. எத்திலீன் கிளைக்கால் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 37 டிகிரி வரை உறையாது, கொதிநிலையும் உயரும். நீலகிரிக்கு இது தேவைக்கு அதிகமாகவே போதும். வெவ்வேறு நிறக் கூலன்ட்களைக் கலக்காதீர்கள். நிறம் எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே பொருள் தருவதில்லை; கையேட்டில் சொன்ன வகையை வாங்குங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும்.

நம் ஊர்களில் ஒரு தவறான வைத்தியம் வழக்கத்தில் இருக்கிறது. வண்டி சூடாகிறது என்று போனால் சிலர், இன்ஜின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அதன்பின் இன்ஜின் தனக்குரிய சூட்டுக்கு வர நெடுநேரமாகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், மலையில் ஹீட்டர் போட்டால் குளிர்காற்றுதான் வரும். பழைய வண்டி வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அரை மணி நேரம் ஓட்டியும் சூட்டு முள் அடியிலேயே கிடந்தால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது.

ஆயிலில் 5டபிள்யூ-30, 15டபிள்யூ-40 என்றெல்லாம் எழுதியிருப்பதில் டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் அது எவ்வளவு இளகியிருக்கும் என்பதைச் சொல்கிறது. எண் சிறிதானால் குளிரில் எளிதாக ஓடும். கையேடு 5டபிள்யூ-30 கேட்கும் காரில், "நம்ம வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது" என்று 20டபிள்யூ-50 ஊற்றிவைத்திருந்தால், ஊட்டிக் காலையில் செல்ஃப் முனகுவதற்கு அதுவே போதுமான காரணம்.

டீசல் கார்க்காரர்களுக்கு இன்னொன்று: கிளம்பும் முன் டீசல் ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். லடாக்கில் டீசலே கெட்டியாகிவிடுவதால் பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி வரை தாங்கும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019இல் அறிமுகப்படுத்தியது. நீலகிரியில் நமக்கு அந்த நிலை இல்லை. ஃபில்டர் தண்ணீரும், வண்டி எடுக்கும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கும்தான் இங்கே தொந்தரவு.

உறைபனிக் காலையில் வண்டி எடுப்பது

இரவே தொடங்க வேண்டிய வேலை இது. கூரையோ மரமோ சுவரோ இருக்கும் பக்கம் நிறுத்துங்கள். முன்கண்ணாடி மேல் அட்டையோ சாக்கோ போட்டு வைப்பர் கைகளைத் தூக்கிவிடுங்கள். டேஷ் கேமரா, போன் சார்ஜர் எல்லாவற்றையும் கழற்றுங்கள்.

காலையில் ஏறியதும் ஏசி, ஹெட்லைட், புளோயர், பாட்டு எல்லாம் அணைந்திருக்க வேண்டும். கிளட்ச்சை முழுவதும் மிதியுங்கள்; கியர்பாக்ஸில் கெட்டியாகக் கிடக்கும் ஆயிலைச் சேர்த்துச் சுழற்றும் வேலை செல்ஃப் மோட்டாருக்கு மிச்சமாகும்.

பெட்ரோல் கார் என்றால் சாவியை ஆன் நிலையில் வைத்து இரண்டு மூன்று வினாடி பொறுங்கள். பெட்ரோல் பம்ப் அழுத்தம் ஏற்றும் மெல்லிய ரீங்காரம் பின்னிருக்கைப் பக்கம் கேட்டு நிற்கும். பிறகு ஆக்சிலேட்டரைத் தொடாமல் செல்ஃப் கொடுங்கள். குளிருக்கும் மலைக்காற்றுக்கும் ஏற்ற கலவையைக் கம்ப்யூட்டரே கணக்கிடுகிறது. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட நாலில் ஒரு பங்கு குறைவு என்பதையும் அது அறியும். சோக் இழுத்து, ஆக்சிலேட்டரை மிதித்து எடுப்பது அம்பாசடர், பத்மினி போன்ற கார்பரேட்டர் வண்டிகளுக்கு உரிய முறை.

டீசலில் சுருள் வடிவ மஞ்சள் விளக்கு அணையும்வரை காத்திருந்தே ஆக வேண்டும். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை. அழுத்திய காற்றின் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. மலையில் காற்றும் மெலிவு, இன்ஜினும் சில்லென்று கிடக்கிறது. ஆகவே ஹீட்டர் பிளக்கின் உதவி இங்கே சமவெளியைவிடப் பலமடங்கு தேவை. விளக்கு அணைந்ததும் ஒருமுறை சாவியைத் திருப்பி அணைத்து, மறுபடி போட்டு இரண்டாவது முறையும் காத்திருந்தால் கடுங்குளிரில் நல்ல வித்தியாசம் தெரியும். எடுத்தபின் ஒரு நிமிடம் வெள்ளைப்புகையோடு இன்ஜின் குலுங்கினால் ஏதோ ஒரு சிலிண்டரின் ஹீட்டர் பிளக் செத்திருக்கிறது.

செல்ஃப் கொடுப்பது ஒரு தடவைக்கு ஐந்து முதல் ஏழு வினாடிதான். எடுக்காவிட்டால் அரை நிமிடம் விட்டு மீண்டும். மூன்று நான்கு முறைக்கு மேல் அடித்துப் பயனில்லை. கிளம்பியதும் ஆக்சிலேட்டரை உறும விடாதீர்கள். ஆயில் மேலே ஏறும் முன் உறுமினால் தேய்மானம் அங்கேதான் நடக்கிறது. ஒரு நிமிடம் போதும், பிறகு சூட்டு முள் எழும்வரை மென்மையாக ஓட்டுங்கள்.

எடுக்கவே இல்லையென்றால்

சத்தத்தைக் கேளுங்கள். டக் டக் டக் என்று வேகமாகத் தட்டினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை. ஒரே ஒரு டக், பிறகு அமைதி என்றால் முனைகள் தளர்ந்திருக்கலாம் அல்லது செல்ஃப் மோட்டார் கோளாறு. நன்றாகச் சுழன்றும் பற்றவில்லை என்றால் பேட்டரி மேல் பழியில்லை: பெட்ரோல் காரில் மிஞ்சிய பெட்ரோல் பிளக்கை நனைத்திருக்கக்கூடும். அப்போது மட்டும் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் கொடுங்கள். பெரும்பாலான கார்களில் அந்த நிலையில் பெட்ரோல் தெளிப்பது நின்று, வெறும் காற்று போய் சிலிண்டர் உலரும்.

பேட்டரிதான் என்றால் ஜம்பர் கேபிள். இரு கார்களும் ஒன்றையொன்று தொடாமல், இரண்டும் அணைந்த நிலையில், இந்த வரிசை மாறக் கூடாது:

1. சிவப்பு கிளிப் ஒன்றைச் செத்த பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டுங்கள்.
2. சிவப்பின் மறுமுனை, நல்ல பேட்டரியின் பாசிட்டிவில்.
3. கறுப்பு கிளிப், நல்ல பேட்டரியின் நெகட்டிவில்.
4. கறுப்பின் மறுமுனையைச் செத்த காரின் இன்ஜினில், பேட்டரியிலிருந்து தள்ளி, பெயின்ட் இல்லாத இரும்பில். கடைசி இணைப்பில் பொறி பறக்கும்; ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் அது பறக்கக் கூடாது.
5. நல்ல காரை ஓடவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்து, மற்றதை எடுங்கள். எடுத்ததும் கேபிளை நேர்மாறான வரிசையில் கழற்றுங்கள்.

மலைச் சரிவில் வண்டியை உருட்டி எடுப்பதை மட்டும் நான் யாருக்கும் சொல்லமாட்டேன். இன்ஜின் ஓடாதபோது பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் உதவிச் சக்தி கிடையாது. இரண்டு மூன்று முறை மிதித்ததும் பிரேக் கல்லாகிவிடும். கொண்டை ஊசி வளைவுக்கு மேலே செய்யும் வேலையில்லை அது. ஆட்டோமேட்டிக் கார்கள் தள்ளினாலும் எடுக்காது. சமதளத்தில், மேனுவல் கியர் காரை, சாவி ஆனில் இரண்டாவது கியரில் வைத்துத் தள்ளி எடுக்கலாம்.

கண்ணாடி தெளிய

உறைந்த முன்கண்ணாடியில் வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும். பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டுங்கள், உலோகம் வேண்டாம். உள்பக்கம் ஆவி படிந்திருந்தால் காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, சூட்டை ஏற்றி, வெளிக்காற்றைத் திறந்து, ஏசி பொத்தானையும் அழுத்துங்கள். குளிரில் ஏசியா என்று பலர் தயங்குகிறார்கள். எவாப்பரேட்டர் காற்றின் ஈரத்தைப் பிழிந்தெடுக்க, ஹீட்டர் அதைச் சூடாக்கி அனுப்புகிறது. ஹீட்டர் மட்டும் போட்டால் ஆகும் நேரத்தில் பாதிகூட ஆகாது. உள்காற்றுச் சுழற்சி போட்டிருந்தால் உங்கள் மூச்சின் ஈரமே திரும்பத் திரும்பக் கண்ணாடியில் படியும்.

கீழே சென்னை மழையில் நடப்பது இதற்கு நேரெதிர்: குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் ஆவி படியும். அதற்கு வைப்பரைப் போட்டு, ஏசி காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பி, குளிர்ச்சியைச் சற்றுக் குறைத்தால் போதும்.

குளிர் ஊரில் வசிப்பவர்கள் ஆண்டு முழுதும் வாரத்தில் ஒருநாள் பத்து நிமிடம் ஏசியை ஓடவிடுங்கள். கம்ப்ரஸரின் சீல் ஆயில் படாமல் காய்ந்தால் கேஸ் கசியத் தொடங்கும். மாதக்கணக்கில் தொடாமல் வைத்திருந்துவிட்டு, ஏப்ரலில் சமவெளிக்கு இறங்கும் வழியில் முதன்முதலாகப் போட்டுப் பார்க்கும் நிலை வேண்டாம்.